வாசிப்பு நேரத்தில் ரீச்சர் என்ன செய்ய வேண்டும்?

கொக்குவில் ரீச்சர்:
தரம் 4 படிப்பிக்கிறேன். வகுப்பில் 32 பிள்ளைகள். முதல் பாடவேளையில் 15 நிமிடம் விரும்பிய புத்தகத்தை வாசிக்க விடுகிறேன். அந்த நேரத்தில் நான் ஒவ்வொரு பிள்ளையாகக் கிட்டப் போய், இரண்டு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். அண்மையில் வந்த ஆசிரிய ஆலோசகர் இதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைகளை விடுங்கோ, நீங்களும் ஒரு புத்தகத்தோட இருந்து வாசியுங்கோ, அதுகள் உங்களைப் பார்த்துப் பழகும்" என்றார். எனக்கு ஒத்துவரவில்லை. உங்கள் கருத்து என்ன?

பழைய வாசகன்:
ஆலோசகர் சொன்னதுதான் சரி. வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறார்கள். புத்தகம் வாசிக்கிற ஒரு பெரிய ஆளைப் பிள்ளை வேறு எங்கே பார்க்கும்? அமெரிக்காவில் ராபர்ட் மெக்ராக்கன் 1971 இல் இந்த மௌன வாசிப்புக்கு வகுத்த விதிகளிலேயே, ஆசிரியரும் கூடவே வாசிக்க வேண்டும், முடிந்த பிறகு அறிக்கை எதுவும் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. புள்ளி, திருத்தம், சிவப்புப் பேனை இல்லாத 15 நிமிடமாவது அதுகளுக்குக் கிடைக்கட்டுமே.

கோண்டாவில் அப்பா:
மகள் அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறாள். ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்றால் கிழமைக்கு 75 நிமிடம். அதில் இரண்டு மாதிரி வினாத்தாளாவது செய்விக்கலாம். கதைப் புத்தகம் வீட்டிலும் வாசிக்கலாம்தானே?

கொக்குவில் ரீச்சர்:
அண்ணை, வீட்டில் எப்போது வாசிப்பாள்? ரியூசனால் வந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுவேலை செய்யவே இருட்டிவிடும். வினாத்தாளிலும் கேள்வியை வாசித்து விளங்கினால்தானே விடை வரும்? அதில் தடுமாறுகிற பிள்ளைக்கு எத்தனை வினாத்தாள் கொடுத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

பழைய வாசகன், பார்த்துப் பழகுவது வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சரி. கடைசி வாங்கில் எனக்கு ஒரு பொடியன் இருக்கிறான். புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்திருப்பான், சத்தமே வராது. பக்கத்தில் இருப்பவன் தாளைத் திருப்பினால் இவனும் திருப்புவான். முன்னால் கதிரையில் இருந்து பார்த்தால் வகுப்பிலேயே நல்ல வாசகன் அவன்தான். கிட்டப் போய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசி என்றேன். 'கொக்கு' என்ற சொல்லில் கொம்பைக் கண்டு 'கெ' என்று தொடங்கினான். பின்னால் அரவு (ா) வந்ததும் நின்றுவிட்டான். பிறகு படத்தைப் பார்த்து 'நாரை' என்றான்! நான் என் பாட்டில் நாவல் வாசித்துக்கொண்டிருந்தால் இது எனக்கு எப்படித் தெரியவரும்? இப்போது அவனுக்குத் தரம் 2 அளவுப் புத்தகம் கொடுத்து, முதல் ஐந்து நிமிடம் அவனோடுதான் இருக்கிறேன்.

பழைய வாசகன்:
அந்தப் பொடியனுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கோ, வேண்டாம் என்று யார் சொன்னது? அவனுக்காக மற்ற 31 பேரையும் ஏன் குழப்ப வேண்டும்? கதைக்குள் இறங்கிவிட்ட பிள்ளையிடம் போய் "எதுவரை வந்தாய், என்ன விளங்கியது" என்று கேட்பது, சாப்பிடுகிறவனை வாய்க்கு வாய் மறித்து ருசி கேட்கிற மாதிரி.

சாவகச்சேரி மாஸ்டர்:
இரண்டு பேரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000 இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். வகுப்பில் மௌனமாக வாசிக்க விடுவதால் வாசிப்புத் திறன் கூடுகிறது என்று சொல்ல ஆய்வுச் சான்று போதவில்லை என்றார்கள். ஆசிரியர் வழிகாட்ட, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப உரத்து வாசிப்பதற்குத்தான் சான்று இருந்தது. அந்த 15 நிமிடத்தையும் சோடி சோடியாக உரத்து வாசிக்கக் கொடுங்கள்.

பழைய வாசகன்:
மாஸ்டர், சான்று போதவில்லை என்றால் பயன் இல்லை என்று அர்த்தமா? அந்த அறிக்கையே அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் எடுத்துப் பார்த்ததும் 14 ஆய்வுகளைத்தான். மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் அதை எதிர்த்து எவ்வளவோ எழுதியிருக்கிறார்.

கொக்குவில் ரீச்சர்:
மாஸ்டர், எங்கள் வகுப்புகளுக்கு இடையில் தட்டி மறைப்புத்தான் இருக்கிறது. 32 பேரும் உரத்து வாசித்தால் பக்கத்து வகுப்பு ரீச்சர் பிரம்போடு வந்து நிற்பார்.

நீங்கள் சொன்ன அறிக்கைக்குப் பிறகு, 2008 இல் ரே ரூட்சல் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் தரம் 3 பிள்ளைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நீங்கள் சொல்கிற உரத்த வாசிப்பு. மறுபக்கம் மௌன வாசிப்பு, ஆனால் அதில் புத்தகம் தெரிவுசெய்ய ஆசிரியர் உதவுவார், தனித்தனியாகப் பிள்ளையோடு இருந்து கொஞ்சம் வாசிக்கக் கேட்பார், கதைப்பார். முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. சும்மா விடுகிற மௌன வாசிப்பும் ஆள் கூட இருக்கிற மௌன வாசிப்பும் வேறு என்றுதான் நானும் சொல்கிறேன்.

குழப்புகிறேன் என்பதற்கும் பதில்: ஒரு நாளைக்கு நாலு பேரிடம்தான் போவேன். எல்லாரையும் சுற்றி வர எட்டு நாள் பிடிக்கும். கதையில் ஊறிப்போய் இருப்பவரை முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவரை மறுநாளைக்கு விட்டுவிடுவேன். கொப்பியில் பெயர், புத்தகம், தடக்கிய இடம் மட்டும் எழுதுவேன். புள்ளி போடுவதில்லை. உண்மையில் நேரத்தைத் தின்பது புத்தகம் தேடுகிற வேலை. அலுமாரியடியில் நின்று ஆளையாள் இடித்தே பத்து நிமிடம் போய்விடும். அதனால் மணி அடிக்க முதலே ஆளுக்கு இரண்டு புத்தகம் மேசையில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார், ஐந்தும் மடங்கினால் மற்றப் புத்தகத்தை எடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற நூலகர்:
அலுமாரி திறந்திருக்கிறதே, அதற்கே ரீச்சருக்கு நன்றி. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் நல்ல சிறுவர் புத்தகங்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கின்றன. இருப்புக் கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தாலும் பொறுப்பானவர்தான் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயம். ஒக்டோபரில் வாசிப்பு மாதம் வந்தால் திறந்து, தூசி தட்டி, கண்காட்சி வைத்து, திரும்பப் பூட்டுவார்கள். 1981 இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி வருடா வருடம் பேசுகிறோம். பூட்டிக் கிடக்கும் அலுமாரியைப் பற்றி ஒரு கூட்டத்திலும் யாரும் வாய் திறப்பதில்லை.

கோண்டாவில் அப்பா:
அந்த விரல் மடக்குகிற வேலையை இப்போது மகளிடம் செய்து பார்த்தேன். அவள் வாசிப்பதாகச் சொன்ன புத்தகத்தில் முதல் பக்கம் பாதி போகமுன்னமே ஐந்தும் மடங்கிவிட்டது. நான்தான் வயதுக்கு மேற்பட்டதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. வினாத்தாள் கதையை இப்போதைக்கு விடுகிறேன் ரீச்சர். பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் சேர்த்துவிட என்ன கொண்டுபோக வேண்டும்?

ஓய்வுபெற்ற நூலகர்:
பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரே போங்கோ, என்ன தேவை என்று அங்கேயே சொல்லுவார்கள். புத்தகத்தை மட்டும் அவளே எடுக்கட்டும்.

பழைய வாசகன்:
ரீச்சர், எட்டு நாளைக்கு ஒரு முறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமையிலாவது கொப்பியை மூடிவிட்டு நீங்களும் இருந்து வாசியுங்கோ. அந்த ஒரு விஷயத்தில் நான் இப்போதும் ஆலோசகர் பக்கம்தான்.

கொக்குவில் ரீச்சர்:
வெள்ளிக்கிழமை முதல் பாடவேளை எனக்கு இல்லை, சங்கீத ரீச்சர் வருவார். அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.