எலினோர் அழும் இடம்

குழு: அம்மா வீட்டுப் பக்கம்

வித்யா: பெரியம்மா, நீங்கள் சொன்ன, ஜேன் ஆஸ்டின் நாவலை வைத்து எடுத்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ படம் இப்போதுதான் பார்த்து முடித்தேன். எலினோராக வரும் எம்மா தாம்சன் கடைசியில் அழும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாலா: எது, அவனுக்கு வேறொருத்தியோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாளே, அந்த இடமா?

வித்யா: அதேதான் சித்தி. அவள் விரும்புகிற எட்வர்ட் வந்து, கல்யாணம் ஆனது தனக்கு இல்லை, தம்பிக்கு என்கிறான். உடனே வாய்விட்டு அழுகிறாள். சினிமாவில் வழக்கமாக வருகிற அழகான கண்ணீர் இல்லை. மூச்சு திணறி, விக்கி விக்கி அழுகை. அம்மாவும் தங்கைகளும் மெல்ல வெளியே போய்விடுகிறார்கள்.

ஜெயா: நீ அந்த இடத்தைத்தான் சொல்வாய் என்று தெரியும். நாவலில் எலினோர் அறையை விட்டு ஓடிப்போய், கதவு சாத்திய பிறகுதான் அழுவாள். படத்தில் அவன் கண்ணெதிரே அழுகிறாள். திரைக்கதை எழுதியதும் எம்மாதானே, அவர் ஓட விடவில்லை. அதுவரை இரண்டு மணி நேரம் அந்தப் பெண் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டே இருந்தாள். அவள் அழுவதை அவன் பார்த்தே ஆக வேண்டும்.

செந்தில்: ஒரு நிமிஷம். திரைக்கதையும் அவரேவா?

ஜெயா: ஆமாம் செந்தில். 5 வருஷம் திரும்பத் திரும்ப எழுதினார். நடுவில் கம்ப்யூட்டர் கோளாறாகி எழுதியது படிக்க முடியாமல் போய்விட்டது. கேம்பிரிட்ஜில் தன்னோடு நாடகம் போட்ட நண்பர் ஸ்டீபன் ஃப்ரை வீட்டுக்கு அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், அவர் மணிக்கணக்காக உட்கார்ந்து மீட்டுக் கொடுத்தார். 1996இல் அதற்குத்தான் திரைக்கதை ஆஸ்கர். ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ படத்துக்கு நடிப்புக்கான ஆஸ்கர் ஏற்கெனவே 1993இல் வாங்கியாகிவிட்டது. நடிப்புக்கும் எழுத்துக்கும் இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

செந்தில்: கதையைப் படித்தால் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ மாதிரியே இருக்கிறதே.

ஜெயா: அதே நாவல்தான். ராஜீவ் மேனன் 2000இல் எடுத்தார். தபுதான் எலினோர், ஐஸ்வர்யா ராய் தங்கை மரியான், மம்மூட்டி அவளை விரும்புகிற கர்னல் பிராண்டன்.

செந்தில்: அப்போ எட்வர்ட் அஜித்தா! சரி, இனி பார்க்காமல் இருக்க முடியாது.

மாலா: எல்லாரும் மன்னிக்கவும், நடுவில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வேன் காலை 5 மணிக்கே வருகிறது. வித்யா, அம்மாவிடம் சொல்லிவிடு.

வித்யா: சொல்லிவிட்டேன் சித்தி.

மாலா: சரி. அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். இந்த மாதிரிப் படங்களில் பெரிய வீடு, நீளமான கவுன், டீ பார்ட்டி, இதைத் தாண்டி என்ன இருக்கிறது? நான் ரெண்டு மூன்று பார்த்திருக்கிறேன். மனசில் ஒன்றும் நிற்கவில்லை.

ஜெயா: மாலா, அந்தப் படத்தின் ஆரம்பத்தை மட்டும் இன்னொரு தடவை பார். அப்பா சாகும்போது மகனிடம், சித்தியையும் அவள் பெண்களையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். சொத்து முழுக்க மூத்த தாரத்து மகனுக்கு. அவன் தங்கைகளுக்கு 3000 பவுண்ட் கொடுக்கலாம் என்று தொடங்குகிறான். மனைவி ஃபேனி குரலே உயர்த்தாமல் அதைப் பாதியாக்குகிறாள், பிறகு வருஷத்துக்கு இவ்வளவு என்கிறாள், பிறகு அதுவும் வேண்டாம் என்கிறாள். அந்த வீட்டுக்கு அவர்கள் வண்டி போய்ச் சேர்வதற்குள் அது எப்போதாவது 20 பவுண்ட் என்று ஆகிவிடுகிறது. கவுனும் டீயும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதை பணத்தைப் பற்றியது, வீடில்லாமல் போன நாலு பெண்களைப் பற்றியது.

மாலா: இது நம் பக்கத்திலும் நடந்ததுதானே அக்கா. பெயர் சொல்ல வேண்டாம்.

ஜெயா: வேண்டாம்.

வித்யா: உடைகளையும் கவனித்தேன் பெரியம்மா. முதலில் எல்லாரும் துக்கத்துக்குக் கறுப்பு. அப்புறமும் எலினோருக்குப் பளிச்சென்று ஒன்றும் கிடையாது. கணக்கு எழுதுகிற பெண்ணுக்கு அதுதான் பொருத்தம்.

ஜெயா: ஜென்னி பீவன், ஜான் பிரைட் இரண்டு பேரும் செய்த உடைகள். ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ படத்துக்கும் அவர்கள்தான். எம்மா அந்த உடைகளில் வீட்டு வேலையை நிஜமாகச் செய்கிற மாதிரி நடமாடுவார். போட்டோவுக்கு நிற்கிற உணர்வே வராது. எனக்கு அவரிடம் அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

செந்தில்: நாவலில் எலினோருக்கு 19 வயது என்று போட்டிருக்கிறதே. இவருக்கு அப்போது 35க்கு மேல் இருக்குமே, இடிக்கவில்லையா?

ஜெயா: 1959இல் பிறந்தவர், படம் 1995. இடிக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கலாம், எனக்கு இடிக்கவில்லை. 19 வயது கேட் வின்ஸ்லெட் பக்கத்தில் மரியானாக நிற்கும்போது, அக்கா என்ற சுமை அந்த முகத்தில் இன்னும் நன்றாகத் தெரிகிறது. ஆங் லீ தைவானிலிருந்து வந்த இயக்குநர். பேசாமல் பொறுத்துப்போகிற மகள்கள் அவருக்குப் புதிது இல்லை.

மாலா: எம்மா நடிகர் அந்தோணி ஹாப்கின்ஸோடு நடித்தாரே, பட்லர் கதை, அது எப்படி?

ஜெயா: ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’, 1993. அதில் ஒரு காட்சி போதும். பட்லர் ஸ்டீவன்ஸ், அதாவது ஹாப்கின்ஸ், தன் அறையில் ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். அதே வீட்டில் வேலை பார்க்கும் மிஸ் கென்டன், அதாவது எம்மா, உள்ளே வந்து என்ன புத்தகம் என்று கேட்கிறாள். அவர் மார்போடு அணைத்துக்கொள்கிறார். அவள் கிட்டே போய் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை வாங்குகிறாள். பார்த்தால் அந்தப் புத்தகம் சாதாரணக் காதல் கதை. தொட்டது விரல்களை மட்டும்தான், ஆனால் மூச்சு விடாமல் பார்ப்போம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவள் வேறு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போகிறாள்.

வித்யா: ஐயோ பெரியம்மா.

ஜெயா: ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’டில் அதே இரண்டு பேர் கணவன் மனைவி. அங்கே மார்கரெட்டாக வரும் எம்மா வாய் மூடி இருக்க மாட்டார். கணவனுக்குப் பழைய தொடர்பு ஒன்று இருந்தது தெரிந்தும் மன்னித்துவிட்டாள். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான தங்கையை ஒரே ஒரு ராத்திரி அந்த வீட்டில் தங்க வைக்க அவள் கேட்கிறாள், கணவன் முடியாது என்கிறான். அப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பாள் பார். சாந்தமாகவே இருந்த பெண் கேட்பதால்தான் அது அவ்வளவு உறைக்கிறது.

செந்தில்: இதெல்லாம் மெர்ச்சன்ட் ஐவரி நிறுவனத்தின் படங்கள்தானே? அந்த மெர்ச்சன்ட் பம்பாய்க்காரர் என்று எங்கேயோ படித்தேன்.

ஜெயா: ஆமாம், இஸ்மாயில் மெர்ச்சன்ட். படப்பிடிப்பில் தானே சமைத்துப் போடுவாராம். இந்த இரண்டு படமும் அவர்களுடையது, ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ இல்லை.

வித்யா: பெரியம்மா, ஆஸ்கர் மேடையில் ஜேன் ஆஸ்டினைப் பற்றி ஏதோ சொன்னார் என்றீர்களே?

ஜெயா: விழாவுக்குப் போவதற்கு முன்னால் வின்செஸ்டர் பேராலயத்தில் ஜேன் ஆஸ்டின் கல்லறைக்குப் போய் வணங்கி, படத்தின் வசூலையும் சொல்லிவிட்டு வந்தேன் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பாவம், புத்தகம் விற்றுச் சொற்பக் காசு பார்த்தவர் ஆஸ்டின். அவருக்குச் சொல்ல வேண்டிய செய்திதான் அது.

செந்தில்: அடுத்து எதைப் பார்ப்பது?

ஜெயா: முதலில் ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’. பிறகு பட்லர் கதை. 2008இல் வந்த ‘பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்’ கடைசியில் இருக்கட்டும். அதில் எம்மா பிள்ளைகளை மதத்தின் பெயரால் இறுக்கிப் பிடிக்கிற அம்மா. ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ மார்கரெட்டைப் பார்த்துப் பழகிய பிறகு அந்த முகத்தைப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் மாறியிருக்கிறார் என்று தெரியும்.

மாலா: ஹாப்கின்ஸ் இருந்தால் நானும் வருகிறேன்.

வித்யா: சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு எங்கள் வீட்டில் ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’. ராத்திரி சாப்பாடும் இங்கேதான். மறுநாள் 5 மணிக்கு வேன், அதனால் யாரும் தாமதமாக வராதீர்கள்.