குடும்பக் குழு: கார்த்திக்கு வெள்ளிக்கிழமை சிகிச்சை

பெரியம்மா: கார்த்திக்குத் தலையில் கத்தி வைக்கப் போகிறார்களாமே? நேற்றிலிருந்து தூக்கமே இல்லை. யாராவது விவரமாகச் சொல்லுங்களேன்.

சுதா அக்கா: கத்தியே கிடையாது பெரியம்மா. காமா நைஃப் என்பது கருவியின் பெயர். இப்போதைய கருவிகளில் 192 கோபால்ட் மூலங்கள் இருக்கும். அவற்றிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் மூளைக்குள் ஒரே இடத்தில் வந்து சேரும். தனிக் கதிருக்கு வலு குறைவு, சேரும் இடத்தில்தான் வீரியம். மண்டையைத் திறப்பதில்லை, முடி எடுப்பதுகூட இல்லை.

சித்தப்பா: அவனுக்கு என்னதான் கோளாறு? வலிப்பு வந்தது, ஸ்கேன் எடுத்தார்கள், அதுவரைதான் தெரியும்.

சுதா அக்கா: தமனி ரத்தம் நுண்குழாய்களில் வேகம் குறைந்துதான் சிரைக்குப் போக வேண்டும் சித்தப்பா. அவனுக்கு ஓரிடத்தில் நுண்குழாய்களே இல்லை. தமனியும் சிரையும் நேராகப் பின்னிக் கிடக்கின்றன. ஏவிஎம் என்பார்கள். அழுத்தம் குறையாமல் ரத்தம் பாய்வதால் வெடித்துக் கசியலாம். பொதுவாக ஆண்டுக்கு 100 பேரில் 2 முதல் 4 பேருக்கு அப்படி ஆகிறது. இவனுக்கு இதுவரை கசியவில்லை.

சித்தப்பா: திறந்து எடுத்துவிட்டால் அன்றைக்கே தீர்ந்துவிடுமே?

சுதா அக்கா: மேலாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இது ஆழத்தில், வலது கையை இயக்கும் பகுதியை ஒட்டி இருக்கிறது. 3 செ.மீ.க்கும் குறைவு என்பதால் கதிருக்கு ஏற்றது.

மாமா: புது வைத்தியமா? நம் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

சுதா அக்கா: இல்லை மாமா. ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் என்ற மூளை அறுவை மருத்துவர் 1951லேயே இந்த யோசனையை எழுதிவிட்டார். ஏவிஎம்முக்கு 1970லேயே அங்கே செய்திருக்கிறார்கள்.

மாமா: சரிம்மா. ஆனால் கசியாத ஏவிஎம்மைத் தொடாமல் விடுவதே நல்லது என்று 2014இல் ஒரு ஆய்வு வந்ததாகப் படித்தேனே?

சுதா அக்கா: அரூபா ஆய்வு. கேட்க வேண்டிய கேள்விதான். அதில் நோயாளிகளைச் சராசரியாக 33 மாதங்கள்தான் கவனித்தார்கள். கதிர் சிகிச்சையின் பலன் தெரியவே 2, 3 ஆண்டு ஆகும். இவனுக்கு வயது 29, இன்னும் எத்தனையோ ஆண்டுகள் அந்த ஆபத்தோடு இருக்க வேண்டும். டாக்டர் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னார், முடிவு அவனுடையது.

கார்த்தி: எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் 🙂 யோசித்துத்தான் சரி என்றேன் மாமா.

பெரியம்மா: வலிக்குமாடா கண்ணா?

கார்த்தி: தலையில் ஒரு சட்டத்தை நான்கு திருகுகளால் பொருத்துவார்களாம் பெரியம்மா. மரத்துப்போக ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். அப்புறம் ஸ்கேன், ஆஞ்சியோ என்று ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது, கணக்குப் போட்டுக் கதிர். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள்.

அத்தை: அப்பாடா! வெள்ளிக்கிழமையோடு கவலை விட்டது.

சுதா அக்கா: அத்தை, இங்கேதான் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். அன்று எதுவும் அடைபடாது. கதிர் பட்ட குழாய்களின் உள்சுவர் மெல்ல மெல்லத் தடித்து, 2, 3 ஆண்டில்தான் மூடும். அதுவரை கசியும் ஆபத்து அப்படியே இருக்கும். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், எது வந்தாலும் நேராக மருத்துவமனை. மாத்திரை போட்டுப் படுக்க வைத்து விடியட்டும் என்று இருக்கவே கூடாது.

அத்தை: நல்லவேளை சொன்னாய். முழுதாக மூடிவிடும் என்பது நிச்சயமா?

சுதா அக்கா: இந்த அளவுள்ளவற்றில் 10 பேரில் 7, 8 பேருக்கு மூடிவிடும். மூடாவிட்டால் சில ஆண்டு கழித்து மறுபடி செய்யலாம். சிலருக்குச் சில மாதம் கழித்து அந்த இடத்தைச் சுற்றி வீக்கம் வரும், பெரும்பாலும் மருந்தில் அடங்கும். எம்ஆர்ஐ தேதிகளைத் தவறவிடக் கூடாது. மூடிவிட்டது என்று கடைசியில் உறுதி செய்வது ஆஞ்சியோதான். கார்த்தி, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று வலிப்பு மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

கார்த்தி: நிறுத்த மாட்டேன் அக்கா. வெள்ளி காலை 6 மணிக்கு வரச் சொன்னார்கள். வலிப்பு வந்ததிலிருந்து வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். யார் வருகிறீர்கள்?

சித்தப்பா: நான் 5 மணிக்கே வாசலில் நிற்பேன். பழைய ஸ்கேன் படங்களை எல்லாம் எடுத்து வை.