பாடசாலைப் பேருந்தைக் காலையில் எடுக்கும் முன் சாரதி எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி: விசுவமடு சாரதி

வணக்கம். விசுவமடுவுக்கு உட்புறமாக உள்ள குடியேற்றங்களில் இருந்து கிளிநொச்சிப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்து ஒன்றை நான் ஓட்டுகிறேன். காற்றுப் பிறேக் உள்ள பழைய லேலண்ட். பாதி வழி கிரவல் வீதி. பின்னர் ஏ-35 வீதியால் பரந்தன் வரை வந்து ஏ-9 இல் ஏற வேண்டும். பாடசாலை ஏழரைக்குத் தொடங்குவதால், முதற்பிள்ளையை ஏற்றும்போது நன்றாக விடிந்திருக்காது.

உரிமையாளர் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் எடுப்பதற்கு முன்னர் வண்டியைக் கராச்சில் விட்டு வேலைகளைச் செய்விக்கிறார். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, ஏதாவது உடைந்தால் மட்டுமே கராச் என்பது வழக்கமாகிவிட்டது. அண்மைக் காலமாகக் காலையில் காற்றழுத்த முள் ஏறுவதற்கு முன்பைவிடக் கூடுதல் நேரம் எடுக்கிறது. அதைச் சொன்னபோது, "ஓட ஓட ஏறும், நீங்கள் எடுங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பதிலை ஏற்க என்னால் முடியவில்லை. புறப்படும் முன் கிடைக்கும் அரை மணி நேரத்தில் சாரதி தானாகவே எவற்றைப் பார்க்கலாம், எதைக் கண்டால் வண்டியை எடுக்கவே கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: மாங்குளம் கராச்

தம்பி, முள் தாமதமாக ஏறுவதை நீங்கள் கவனித்தது மிக நல்லது. காற்றை அமுக்கித் தாங்கிக்கு அனுப்பும் கொம்பிறசர் தேய்ந்திருக்கலாம், எங்காவது காற்றுக் கசியலாம், காற்று வடிகட்டி தூசியால் அடைத்திருக்கலாம். எதுவானாலும் அது ஓட ஓடச் சரியாகும் குறை அன்று.

காற்றுத் தாங்கியில் இருந்து தொடங்குங்கள். கொம்பிறசர் அனுப்பும் சூடான காற்றில் உள்ள ஈரம், தாங்கிக்குள் குளிர்ந்து தண்ணீராகத் தங்குகிறது. தண்ணீர் கூடக் கூடக் காற்றுக்கான இடம் குறைகிறது. அத்துடன் அது வால்வுகளுக்குள் போய்த் துருவையும் உண்டாக்குகிறது. எனவே நாள்தோறும் ஓட்டம் முடிந்ததும் தாங்கியின் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து விடுங்கள். சிறிது தண்ணீர் வருவது இயல்பு. வெண்மையாகக் குழம்பி, ஒயில் பிசுபிசுப்புடன் வந்தால் கொம்பிறசர் ஒயிலைத் தள்ளுகிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

காலையில் மட்டமான தரையில் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, அழுத்தம் நிறைந்த பின் எஞ்சினை நிறுத்தி, கைப்பிறேக்கை விடுவித்து, கால் பிறேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அமெரிக்காவில் கனரக வாகனச் சாரதிப் பரீட்சையில், தனி வண்டிக்கு அந்த ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது என்பது அளவு. அது ஏறத்தாழ 0.2 பார். யன்னல்களைத் திறந்து வைத்திருந்தால் கசிவின் "உஸ்" என்ற சத்தம் எந்தப் பக்கத்தில் என்றும் கேட்கும். அடுத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு, பிறேக்கை விட்டு விட்டு மிதித்து அழுத்தத்தை இறக்குங்கள். ஏறத்தாழ 4 பாருக்குக் கீழே போகும் முன் எச்சரிக்கை ஒலியோ விளக்கோ வந்தாக வேண்டும். சத்தம் தொந்தரவு என்று வயரைக் கழற்றி விட்ட வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் ஏறும் வண்டியில் அப்படிச் செய்வது மன்னிக்க முடியாத செயல். எச்சரிக்கை வராவிட்டாலோ, அழுத்தம் மளமளவென்று இறங்கினாலோ வண்டியை எடுக்க வேண்டாம்.

பதில்: ஓய்வுபெற்ற இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சாரதி

மெக்கானிக் தம்பி பிறேக்கைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் வெளிப்புறத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ரோச் லைற்றுடன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சில்லு நட்டில் இருந்து வெளிநோக்கித் துருக்கோடு ஓடியிருந்தால் அந்த நட்டுத் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சில்லைக் கழற்றிப் பூட்டிய பின்னர், ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குவிக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்பக்க இரட்டைச் சில்லில் உட்புற றயர் காற்றிறங்கி நின்றாலும் வெளியே தெரியாது. இரும்புக் கம்பியால் தட்டினால் சத்தமே காட்டிக் கொடுக்கும். கிரவல் வீதியில் அந்த இரு றயர்களுக்கும் நடுவே கல் சிக்கிக்கொள்வது சாதாரணம். அதை எடுக்காமல் ஏ-9 இல் வேகமாக ஓடக் கூடாது. முன்சில்லுகளுக்கு, தேய்ந்த பின் மேற்பட்டை புதிதாக ஒட்டிய பழைய றயரைப் போட எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

அவசர வழிக் கதவை நாள்தோறும் ஒருமுறை உள்ளிருந்தே திறந்து மூடுங்கள். கிரவல் தூசி பிணைச்சலில் படிந்து, பெரியவரே உதைத்தால்தான் திறக்கும் நிலையில் உள்ள கதவைப் பத்து வயதுப் பிள்ளை எப்படித் திறக்கும்? மாரியில் மாடுகள் தார் வீதியில் வந்து படுப்பதை வன்னியில் ஓடும் எல்லோரும் அறிவோம். ஆகவே முன் லைற்றின் கண்ணாடியைத் துடைப்பதும் வைப்பர் றப்பரைத் தடவிப் பார்ப்பதும் சிறிய வேலைகள் அல்ல.

கண்ட குறையைத் திகதியிட்டு ஒரு கொப்பியில் எழுதி, உரிமையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். வாயால் சொன்னதை மறந்துவிடலாம். கையொப்பமிட்டதை மறுக்க முடியாது. வண்டியை நிறுத்தும் முடிவு சாரதியுடையது என்பதையும் அந்தக் கொப்பியின் முதற்பக்கத்திலேயே எழுதி இருவரும் ஒப்பமிடுவது நல்லது. அந்த உரிமை இல்லாவிட்டால் நீங்கள் என்னதான் பார்த்தும் பயனில்லை.

பதில்: தருமபுரம் தாய்

என் இரு பிள்ளைகளும் இத்தகைய பேருந்தில்தான் போகிறார்கள். உரிமையாளர்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு: பாடசாலை நாளில் வண்டியை நிறுத்தினால் வருமானம் இல்லை, பெற்றோரும் ஏசுவோம். ஆகவே பெரிய வேலைகளை ஓகஸ்ட் விடுமுறையில் செய்வதே பொருத்தம். ஒக்ரோபரில் மழை தொடங்கிவிடும். டிசம்பர் விடுமுறை வரை காத்திருந்தால் மாரியின் பாதி போய்விடும். விடுமுறை மாதத்துக்கும் கட்டணம் கேட்கிறார்கள் என்று பெற்றோர் முரண்படுவது வழக்கம். அந்தப் பணத்தின் ஒரு பகுதி பிறேக், றயர் வேலைகளுக்குப் போகிறது என்று பற்றுச்சீட்டைக் காட்டினால், நான் மனதாரக் கொடுப்பேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்; நாங்கள் துணை நிற்போம். ஒரு காலை வண்டி வராவிட்டால் பிள்ளை ஒரு நாள் பாடத்தைத்தான் இழக்கும்.

விசுவமடு சாரதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளையே கொப்பி தொடங்குகிறேன். இன்னொரு கேள்வி: குளங்கள் வான் பாயும் காலத்தில் சில பாலங்களுக்கு மேலால் தண்ணீர் ஓடும். வற்றிய பிறகும் அச்சு நனையும் அளவுக்கு நிற்கும். கடந்து வந்த பின் என்ன பார்க்க வேண்டும்?

மாங்குளம் கராச்

பாய்கின்ற தண்ணீரில் பிள்ளைகளுடன் இறங்கவே கூடாது. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. நிற்கும் தண்ணீரைக் கடந்திருந்தால், பிறேக்கை மெல்ல மிதித்தபடி கொஞ்சத் தூரம் ஊர்ந்து லைனிங்கை உலரவிடுங்கள். ஓடிச் சூடேறிய டிபறன்சல் (பின் அச்சின் நடுவில் உள்ள பல்லுச்சில்லுப் பெட்டி) திடீரெனத் தண்ணீரில் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலாலும் காற்றுக் குழாயாலும் தண்ணீரை உள்ளே இழுக்கும். அன்றைய ஓட்டம் முடிந்து வண்டி சில மணி நேரம் நின்ற பின் அடி நட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ ஒயில் பால் நிறமாக இருந்தாலோ முழு ஒயிலையும் மாற்ற வேண்டும். சில்லுப் பெயரிங்கின் கிறீசையும் அதே நாளில் திறந்து பார்ப்பியுங்கள்.