கலைச்சொல் தேவை: எலக்ட்ரானிக் டிரான்ஸ்மிஷன் மீதான சுங்க மாரடோரியம்

புதுச்சேரியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வணிகக் கொள்கை ஆய்வுக்குப் போக விரும்பும் பொருளியல் மாணவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் தலைப்பிலுள்ள தொடர் பல இடங்களில் வருகிறது. இணையம் வழியாக வருபவற்றுக்குச் சுங்க வரி விதிக்காத வழக்கத்தைத் தொடர்வதாக 1998 மே மாதம் உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகள் ஜெனீவாவில் அறிவித்தன. அதைத்தான் இத்தொடர் குறிக்கிறது. மாரடோரியம் என்றால் ஒன்றைச் செய்யாமல் குறிப்பிட்ட காலம் நிறுத்திவைத்தல். டிஜிட்டல் வணிகம் பற்றி ஆய்வு செய்பவர் இதைத் தொடாமல் ஓர் அறிக்கைகூட எழுத முடியாது. வரைவில் இப்போது 'மின்கடத்தல் மீதான சுங்கத் தடை' என்று இருக்கிறது. சரிதானா?

கடலூர் முதுநகரிலிருந்து:

ஐயா, இந்த வரைவு அப்படியே அச்சுக்குப் போகக் கூடாது. சுங்கம் பற்றிய நூலில் 'கடத்தல்' என்றால் தங்கக் கடத்தல்தான் நினைவுக்கு வரும். 'சுங்கத் தடை' அதைவிட மோசம். சுங்கத்துக்குப் போட்ட தடையா, சுங்கமே வணிகத்துக்குத் தடையாக நிற்கிறதா? 'வணிகத் தடைகள்' என்று பொருளியலில் ஏற்கெனவே எழுதி வருவதால் மாணவர் இரண்டாவது பொருளைத்தான் எடுப்பார். அதாவது நேர் எதிர்ப்பொருள். 'தடைக்காலம்' என்று மாற்றினாலும் ஆகாது. எங்கள் துறைமுகத்தில் தடைக்காலம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத காலம்.

'ஒத்திவைப்பு' பத்திரிகைகளில் பழகிய சொல். 2020இல் ரிசர்வ் வங்கி கடன் தவணைக்கு ஆறு மாதம் அவகாசம் தந்தபோது அது பொருந்தியது. தவணை தள்ளித்தான் போனது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே பிறகு வசூலிக்க எதுவும் சேர்வதில்லை. 'விலக்கு' என்பதும் வேறு. நம் நாட்டில் சுங்க விலக்கு என்பது 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் ஒன்றிய அரசு தரும் சலுகை. வரி இருக்கிறது, இவருக்கு வேண்டாம் என்பது அதன் பொருள். இங்கே வரியே விதிக்கப்படவில்லை. ஆகவே 'சுங்க வரி விதியாமை' என்கிறேன். 'சுங்கம்' என்று தனியே விட வேண்டாம், சுங்கச்சாவடி ஞாபகம் வரும்.

அடுத்தது டிரான்ஸ்மிஷன். இதில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் நாடுகளுக்கிடையே சர்ச்சையே இந்தச் சொல்லின் மேல்தான். அனுப்பும் செயலுக்கு மட்டும் வரி இல்லையா, அனுப்பப்படும் படத்துக்கும் மென்பொருளுக்கும் சேர்த்தா? உள்ளடக்கம் இதில் சேராது என்பது இந்தோனேசியாவின் வாதம். 2018இல் அது தன் சுங்க அட்டவணையில் டிஜிட்டல் பொருள்களுக்கென்று 99ஆம் அத்தியாயம் திறந்து, வரியை 0 விழுக்காடாக வைத்தது. 'அனுப்புகை' என்று எழுதினால் நாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். 'மின்னணுச் சரக்கு' என்றால் மறுபக்கம். கலைச்சொல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 'வெளியீடு' என்பது வெளியிடும் செயலுக்கும் வெளியான நூலுக்கும் பொதுவாக நிற்பதுபோல் 'அனுப்பீடு' இரண்டுக்கும் நிற்கும்.

நெய்வேலியிலிருந்து:

'வெளியிடு' என்று வினை இருப்பதால் வெளியீடு வந்தது. 'அனுப்பிடு' என்று ஒரு வினை நம்மிடம் இல்லையே? 'மின்செலுத்தம்' போதாதா? மாரடோரியத்துக்கு 'சுங்கத் தவிர்ப்பு' என்றால் சுங்கம் தவிர்த்த சோழன் என்ற குலோத்துங்கன் பெயரோடும் ஒட்டும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

அம்மா, சோழன் பெயர் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இன்றைய பொருளியல் தமிழில் 'வரித் தவிர்ப்பு' சட்டத்தின் சந்து பார்த்து வரி கட்டாமல் நழுவுவதைக் குறிக்கிறது. அந்த இடம் நிரம்பிவிட்டது. 'மின்செலுத்தம்' என்பதை நெய்வேலியில் யார் படித்தாலும் உயர் அழுத்தக் கம்பிதான் தெரியும். அதனால் 'மின்னணு' முழுதாக வேண்டும். அனுப்பீடு பற்றிய இலக்கணக் குறை உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் செயலையும் பொருளையும் சேர்த்துத் தாங்கும் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 'பரிமாற்றம்' இருவழி. இது ஒருவழி வரவு.

கையேட்டில் இன்னும் இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள். முதலாவது, வரி விதியாததால் அரசுகளுக்கு வரும் வருவாய் இழப்பைக் கணக்கிடும் முறை: 4901 அச்சு நூல், 3706 திரைப்படச் சுருள், 8523 பதிவு வட்டு போன்ற சுங்கத் தலைப்புகளை (பொருள்களை வகைப்படுத்தும் எண்களை) எடுத்து, அவை பொருளாகவே வந்திருந்தால் இறக்குமதி எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கணித்து, உண்மையில் பொருளாக வந்ததைக் கழித்து, மீதியை வரிவிகிதத்தால் பெருக்குகிறார்கள். எந்த விகிதம் என்பதில்தான் பிசகு வருகிறது. ஒரு நாடு இதற்கு மேல் போகமாட்டேன் என்று உறுதி தந்த உச்ச விகிதம் ஒன்று, இன்று வசூலிக்கும் விகிதம் ஒன்று. 2019இல் ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாடின் ஆய்வுத்தாள் உச்ச விகிதத்தை வைத்து இழப்பு ஆண்டுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் என்றது. நடைமுறை விகிதத்தை வைத்தால் தொகை இறங்கும். வரைவில் இரண்டுக்கும் 'வரிவிகிதம்' என்றே இருக்கிறது. 'உச்ச விகிதம்', 'நடைமுறை விகிதம்' என்று பிரித்துவிடுங்கள். இரண்டாவது, சுங்க வரி இல்லை என்றால் வரியே இல்லை என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. வெளிநாட்டு நிறுவனம் இணையவழி தரும் சேவைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. விதியாமை அதைத் தொடுவதில்லை.

புதுச்சேரியிலிருந்து:

நன்றி ஐயா. ஒரு சிக்கல்: இது அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்த ஒன்று. அப்படி எழுதும்போது நீட்டிக்கப்படுவது எது? விதியாமை ஒரு நிலைதானே. 'விதியாமை முடிவு நீட்டிக்கப்பட்டது' என்று எழுதினால் 'முடிவு' குழப்புகிறது, 'உடன்பாடு' என்றால் ஒப்பந்தம் போலாகிறது. 'தீர்மானம்' என்று வைத்து எழுதிப் பார்த்தேன்:

"மின்னணு அனுப்பீடுகளுக்குச் சுங்க வரி விதியாமைத் தீர்மானத்தை 2024இல் அபுதாபியில் கூடிய 13ஆம் அமைச்சர் மாநாடு, அடுத்த மாநாடு வரை அல்லது 2026 மார்ச் 31 வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை நீட்டித்தது."

கடலூர் முதுநகரிலிருந்து:

சரியாக நிற்கிறது. முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'மாரடோரியம்' என்பதை ஒற்றை மேற்கோளில் பக்கத்தில் போடுங்கள். பிறகு வேண்டாம்.