எலி நுரையீரலில் பூஞ்சையைத் தேட ஃபார்மலின் துண்டுகள் உதவுமா?

கேள்வி: குலசேகரத்தை அடுத்த ரப்பர் தோட்டங்களில் பொறி வைத்துப் பிடித்த எலிகளின் நுரையீரல்களை ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் வைத்திருக்கிறேன். அவற்றில் நுரையீரலில் வாழும் நிமோசிஸ்டிஸ் பூஞ்சையைப் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) மூலம் தேட இயலுமா?

பதில்: இயலும், ஆனால் ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதால், நீண்ட பகுதியைப் பெருக்க முயன்றால் பூஞ்சை இருந்தும் இல்லையென்றே முடிவு வரக்கூடும். இனிப் பிடிப்பவற்றில் பயறளவுத் துண்டொன்றை எத்தனாலில் தனியே வையுங்கள். கத்தரியையும் எலிக்கு எலி மாற்றுங்கள்; மாற்றாததால்தான் என் முதல் தொகுதி வீணாயிற்று.

மற்றொரு பதில்: இப்பூஞ்சை ஆய்வகத்தின் சாதாரண வளர்ப்பு ஊடகத்தில் வளராது என்பதால், அதன் மைட்டோகாண்ட்ரியப் பெரிய துணையலகு ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை (பூஞ்சையை அடையாளங்காண உதவும் டி.என்.ஏ. பகுதி) இரு சுற்றுகளாகப் பெருக்குவது வழக்கம். பெருக்கிய டி.என்.ஏ. ஜெல்லில் பட்டையாகத் தெரிந்தாலும், அதன் எழுத்து வரிசையை அறியாமல் பூஞ்சையின் இனத்தைச் சொல்லாதீர்கள்: எலியில் காரினி, வேக்ஃபீல்டியே, சுண்டெலியில் முரைனா, மனிதரைத் தாக்கும் ஜிரோவெசி வேறு.

கேட்டவர்: நன்றி ஐயா. பழைய துண்டுகளைத் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்க ஒதுக்கிவிடுகிறேன்.