1989 அப்பர் டெக் பேஸ்பால் கார்டு பாக்கெட்டில் கிரிஃபி ஜூனியர், ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

வணக்கம். அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 பேஸ்பால் கார்டுகள், முதல் தொடர், பிரிக்காத ஃபாயில் பாக்கெட். ஃபுளோரிடாவில் ஏசி இல்லாத கார் ஷெட்டில் பல வருடம் இருந்தது. போன சனிக்கிழமை பிரித்ததில் 15 கார்டும் ஒரே செங்கல் மாதிரி வந்தன. மேலே இருந்த 11 கார்டுகள் பிரிந்துவிட்டன. மீதி நாலு ஒட்டியே இருக்கின்றன. அடிக்கார்டின் பின்பக்கத்தில் எண் 1, ஹாலோகிராம் தெளிவு: பேஸ்பால் நட்சத்திரம் கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி (முதல் சீசன்) கார்டு! அதன் முகப்புதான் மேல்கார்டின் முதுகோடு ஒட்டியிருக்கிறது.

செய்து பார்த்தவை: சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் இரண்டு நாள். பிறகு ஃப்ரீசரில் 24 மணி நேரம், வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் பையைத் திறந்தேன், இல்லையென்றால் கார்டு மேல் நீர் கோத்துக்கொள்ளும். நீள விளிம்புகளைப் பிடித்து மெல்ல வளைத்ததில் இடது மூலை 5 மில்லிமீட்டர் விட்டது. அதற்கு மேல் வளைத்தால் மடிப்புக் கோடு விழும். பல் நூலை விட்டதும் சரசரவென்று சத்தம் வந்தது, உடனே நிறுத்திவிட்டேன். அது மை உரியும் சத்தம்; பளபளப்புப் பூச்சோடு படமும் போய்விடும்.

தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லாதீர்கள். பழைய பூச்சில்லாத அட்டைக்கு அது சரி, இதற்கு ஆகாது. மேலே இருக்கும் மூன்றும் போனாலும் பரவாயில்லை.

இந்த நிலையில் கிரிஃபியின் முகப்பு உரியாமல் பிரித்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்து என்ன செய்தீர்கள்?