முதல் குதிரைக்கு எந்தக் கடிவாளம்?

கேள்வி: பவானிக்கரை

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் நான்கு வயது கத்தியவார் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறேன். மாடு பழக்கிய குடும்பம்தான் என்றாலும் குதிரையேற்றத்துக்கு நான் புதியவன். இப்போதுதான் பயிற்சியாளரிடம் கற்று வருகிறேன். விற்றவர் சேணத்தோடு கொடுத்த கடிவாளத்தில் வாய்க்குள் போகும் கம்பி முழுக்க முள் போன்ற புடைப்புகள் இருக்கின்றன. இரு பக்கமும் நீண்ட தண்டுகள் தொங்குகின்றன. துடியான குதிரை என்பதால் இது இல்லாமல் நிற்காது என்கிறார். கை பழகாதவனுக்குத்தான் இத்தகைய பிடிமானம் வேண்டும் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். இது சரிதானா?

பதில்: மேட்டுக்காடு

அதை இன்றே கழற்றி வைத்துவிடுங்கள், தம்பி. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் முள்ளும் புடைப்பும் உள்ள கடிவாளத்தைத் தடை செய்கின்றன.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத இடம் ஒன்று உண்டு. கம்பி அமர்வது அங்கேதான்; எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டுமே இருக்கும். தண்டுள்ள கர்ப் கடிவாளத்தில் லகானை இழுத்தால் தண்டு நெம்புகோலாக வேலை செய்து அந்த விசையைப் பெருக்கி, நாக்கையும் ஈற்றையும், தண்டோடு மாட்டிய சங்கிலி வழியாகத் தாடையின் அடிப்பகுதியையும் சேர்த்து நெரிக்கிறது. கற்றுக்கொள்பவர் எவராயினும் நிலை தடுமாறும்போது லகானைப் பிடித்துத் தொங்கத்தான் செய்வார். அந்த நொடியில் முள் ஈற்றில் பாய, குதிரை தலையை உதறிக்கொண்டு ஓட, அவர் இன்னும் இறுக்கி இழுப்பார். ஆகவே நண்பர்கள் சொன்னது தலைகீழ்.

தண்டு இல்லாமல் இரு பக்கமும் வளையம் மட்டும் வைத்த, வழவழப்பான கம்பியுள்ள ஸ்னாஃபிள் கடிவாளம் வாங்குங்கள். மாட்டியபின் உதட்டோரத்தில் ஒன்றிரண்டு மடிப்பு விழுந்தால் போதும். கழுத்தில் ஒரு தோல்பட்டை கட்டி, தடுமாறும்போது லகானுக்குப் பதில் அதைப் பிடித்துப் பழகுங்கள். பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்ற விடும்போது, லகானைத் தொடாமல் அமர்ந்து பழகுவதுதான் இருக்கை உறுதிப்படுவதற்கு நான் அறிந்த சிறந்த வழி.

பதில்: நொய்யல்

மேற்சொன்னதில் எனக்கு உடன்பாடே. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஒற்றைக் கையில் லகானைப் பிடித்துக் கழுத்தில் உரசித் திருப்பும் முறையில் இக்குதிரை பழகியிருந்தால், ஸ்னாஃபிளின் குறிப்பு அதற்கு உடனே விளங்காமல் போகலாம். எனவே முதலில் பயிற்சியாளரே வேலியடைத்த இடத்தில் ஏறிப் பார்க்கட்டும். எடுத்த எடுப்பில் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். முள் இல்லாத கர்ப் தேர்ந்த கையில் நுட்பமான கருவி என்பதையும் சொல்லியாக வேண்டும். குதிரையை முடுக்கக் குதிகாலில் அணியும் குதிமுள்ளும் அப்படியே, காலை அசையாமல் வைத்திருக்கத் தெரிந்தவர்தான் அதை அணியலாம்.

பதில்: காங்கேயத்துக்காரன்

எங்கள் பக்கம் புதுக் காளையைப் பழகிய காளையோடு சேர்த்துத்தான் ஏரில் பூட்டுவோம். அதன் மூக்கணாங்கயிற்றைப் புது ஆளின் கையில் கொடுக்கமாட்டோம். புதுக் குதிரையும் புது ஆளும் சேர்ந்தால் எந்தக் கடிவாளமும் ஈடுகட்டாது. நீங்கள் வயதான, பழகிய குதிரையில் கற்றுக்கொள்ளுங்கள்; உங்கள் குதிரையைத் தேர்ந்தவர் பழக்கட்டும். நான்கு வயதில் பற்கள் இன்னும் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும் என்பதால், கம்பி எதையும் போடுமுன் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள்.

பவானிக்கரை

அனைவருக்கும் நன்றி. இன்று காலை வாயைத் திறந்து பார்த்தேன். இடது உதட்டோரத்தில் ஆறிய தழும்பும், உள்ளே ஈற்றில் சிவந்த புண்ணும் இருக்கின்றன. மருத்துவருக்குச் சொல்லியிருக்கிறேன், புண் ஆறும்வரை தலைக்கயிற்றில் நடத்துவது மட்டுமே. பயிற்சியாளர் தம்முடைய வயதான பெண்குதிரையில் எனக்குக் கற்றுத்தர ஒப்புக்கொண்டார். ஸ்னாஃபிளின் அகலத்தை எப்படி அளப்பது, அண்ணா?

மேட்டுக்காடு

புண் ஆறியபின் கம்பி அமரும் இடத்தில் மெல்லிய கயிற்றை வைத்து, இரு உதட்டோரத்திலும் அடையாளமிட்டு அளந்துகொள்ளுங்கள். அதைவிட ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் வளையம் உதட்டைக் கிள்ளும், மிகுந்தால் கம்பி பக்கவாட்டில் நகரும்.